வியப்பும் நம்பகமும்: இ. எம். ஃபார்ஸ்டரும் மாறும் பாத்திரமும்

நாவல் பாத்திரம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் பெரும்பாலும் முன்னுரையிலேயே தடுமாறிவிடுகின்றனர். நாவலாசிரியர் பிறந்த ஊர், நூல் வெளிவந்த ஆண்டு, கதைச் சுருக்கம் ஆகியவற்றை வரிசையாக எழுதியபின், அப்பாத்திரம் சிறப்பாகப் படைக்கப்பட்டுள்ளது என ஒரு பாராட்டுரையைச் சேர்த்து முன்னுரையை முடித்துவிடுகின்றனர். கட்டுரைக்குரிய பாத்திரம் கதைப்போக்கில் மாறும் பாத்திரமாக இருப்பின் இடர்ப்பாடு மேலும் மிகுகின்றது. தொடக்கத்தில் தீயவர், முடிவில் நல்லவர் என்பதுபோல் இரண்டு முனைகளை மட்டும் சுட்டிவிட்டால் மாற்றத்தை விளக்கியதாகிவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மாற்றம் எதனால் நிகழ்ந்தது, அது நம்பத் தகுந்ததா, அதன் வித்து முன்னரே அப்பாத்திரத்துள் இருந்ததா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்குரிய அளவுகோலை 20ஆம் நூற்றாண்டுத் திறனாய்வுலகுக்கு வழங்கியவர் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். தமிழ் நாவல் திறனாய்வு நூல்களில் பாத்திரப் படைப்பு என்னும் இயல் அமையும்போதெல்லாம் அவர்தம் தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என்னும் பாகுபாடு தவறாது இடம்பெறுகின்றது. ஆனால் அப்பாகுபாட்டை எடுத்தாள்வோர், அதனை வகுத்தவர் எத்தகைய வாழ்க்கையிலிருந்து அதனைக் கண்டடைந்தார் என்பதை அரிதாகவே எண்ணிப் பார்க்கின்றனர். அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்கினால், கோட்பாட்டின் பொருளும் தெளிவுபெறும். முன்னுரை எழுதும் முறையும் புலப்படும்.

தந்தையில்லா இளமை

எட்வர்ட் மார்கன் ஃபார்ஸ்டர் 1879ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் இலண்டனில் பிறந்தார். அவருக்கு இட எண்ணிய பெயர் ஹென்றி மார்கன் என்பதாகும். பிறப்புப் பதிவிலும் அப்பெயரே எழுதப்பட்டது. திருமுழுக்கின்போது பெயர் கேட்கப்பட்ட தந்தையார், மறதியால் தம் பெயரையே கூறிவிட்டமையால் குழந்தை எட்வர்ட் ஆயிற்று. கட்டடக் கலைஞராகிய தந்தையார் காசநோயால் 1880இல் மறைந்தார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாயார் லில்லி, உறவுப் பெண்டிர் ஆகியோரின் அரவணைப்பிலேயே ஃபார்ஸ்டரின் இளமை கழிந்தது.

1883 முதல் 1893 வரை தாயும் மகனும் ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஸ்டீவனேஜ் என்னும் ஊரையடுத்த ரூக்ஸ்நெஸ்ட் என்னும் வீட்டில் வாழ்ந்தனர். அவ்வீடும் அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறமும் சிறுவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பின்னாளில் அவர் எழுதிய ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ நாவலின் வீடு இந்த இல்லத்தை மனத்திற்கொண்டு புனையப்பட்டதேயாகும். தந்தைவழிப் பெரிய பாட்டியாகிய மேரியன் தார்ன்டன் அம்மையார் 1887இல் மறைந்தபோது 8,000 பவுன் தொகையை அவருக்கு விட்டுச் சென்றார். அடிமை வணிக ஒழிப்புக்குப் பாடுபட்ட குடும்பத்தில் தோன்றியவர் அவ்வம்மையார். அத்தொகையே ஃபார்ஸ்டரின் கல்விக்கும், வயிற்றுப்பாட்டுக் கவலையின்றி எழுத்துத் துறையில் ஈடுபடுவதற்கும் துணையாயிற்று. தம் முதுமையில், 1956இல், அவ்வம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவர் நன்றிக்கடன் தீர்த்தார்.

பள்ளியும் பல்கலைக்கழகமும்

1893இல் டன்பிரிட்ஜ் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். விடுதியில் தங்காது வீட்டிலிருந்து சென்று வரும் மாணவராகிய அவருக்கு அப்பள்ளி வாழ்க்கை துன்பமாகவே அமைந்தது. குழுவாகச் சேர்ந்து ஒருவரை இழிவுபடுத்தும் இயல்பு, மென்மையைக் கோழைமையாகக் கருதும் மனப்பான்மை, அரசாளப் பிறந்த இனம் தம் இனம் என்னும் செருக்கு ஆகியவற்றை அவர் அங்கே நேரில் கண்டார். பின்னாளில் அவர்தம் நாவல்களில் இடம்பெற்ற ஆங்கில அதிகாரிகளின் கண்மூடித்தனத்துக்கு வேர் இப்பள்ளி அனுபவத்தில் உள்ளது எனலாம்.

1897இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தபின் அவர் வாழ்வில் புதுவெளிச்சம் பாய்ந்தது. நத்தானியல் வெட், கோல்ட்ஸ்வொர்தி லோஸ் டிக்கின்சன் ஆகிய ஆசிரியர்களின் நட்பு அவருக்கு வாய்த்தது. மறைவாகக் கூடி மெய்ப்பொருளை விவாதிக்கும் ‘அப்போஸ்தலர்’ என்னும் புகழ்பெற்ற மாணவர் கழகத்தில் 1901இல் உறுப்பினரானார். நட்பு, உண்மை, தனிமனித உறவு ஆகியவையே வாழ்வின் விழுப்பொருள்கள் என்னும் கொள்கை அங்கே அவருள் உறுதிப்பட்டது.

பட்டம் பெற்றபின் தாயுடன் இத்தாலி நாட்டில் நெடும்பயணம் மேற்கொண்டார். 1902 முதல் இலண்டனிலுள்ள உழைப்பாளர் கல்லூரியில் இலத்தீன் மொழி கற்பித்தார். 20 ஆண்டுகளுக்கும் மேலாக அக்கல்லூரியுடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் கற்க வருவோர்க்குப் பாடம் நடத்தியமை அவர் நடைக்கு ஒரு தெளிவைத் தந்தது. அரிய கருத்தையும் அருகில் அமர்ந்து உரையாடுவதுபோல் எழுதும் திறன் அவர்தம் திறனாய்வின் தனிச்சிறப்பாகும்.

முதல் நாவல்களில் மாறும் மாந்தர்

ஃபார்ஸ்டர் கோட்பாட்டாளராகத் தொடங்கியவர் அல்லர், படைப்பாளராகத் தொடங்கியவர். 1905 முதல் 1910 வரையிலான ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு நாவல்களை அவர் வெளியிட்டார். நான்கிலும், பழகிய வாழ்க்கைச் சட்டகத்துள் வளர்ந்த ஒருவர் வேறோர் உலகத்தைச் சந்தித்து மாற்றமடைவதோ மாற மறுத்து உடைவதோ காட்டப்படுகின்றது.

முதல் நாவலாகிய ‘வேர் ஏஞ்சல்ஸ் ஃபியர் டு டிரெட்’ 1905இல் வெளிவந்தது. அதில் வரும் ஃபிலிப் ஹெரிட்டன் என்னும் வழக்கறிஞன் அழகை விரும்புபவன்; ஆனால் வாழ்க்கையை நாடகம் போலத் தொலைவில் நின்று பார்ப்பவன். இத்தாலியில் மறுமணம் செய்துகொண்ட அண்ணியை மீட்க ஒருமுறையும், அவள் இறந்தபின் அவள் குழந்தையைக் கொண்டுவர மறுமுறையும் தாயின் ஏவலால் அவன் அனுப்பப்படுகின்றான். அவன் தமக்கை குழந்தையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவரும் வழியில் வண்டி கவிழ்ந்து குழந்தை இறந்துவிடுகின்றது. அந்த இறப்பின்முன் அவனால் பார்வையாளனாக நிற்க இயலவில்லை. எனினும் அவன் முற்றிலும் வேறொருவனாகிவிடவில்லை. அழகை உணரும் அதே உள்ளமே இப்போது துன்பத்தையும் அன்பையும் உணர்கின்றது.

1907இல் ‘தி லாங்கஸ்ட் ஜர்னி’யும், 1908இல் ‘எ ரூம் வித் எ வியூ’வும் வந்தன. பின்னதில் லூசி என்னும் இளம்பெண், பிறர் தனக்கு வகுத்த உணர்ச்சிகளைத் தன் உணர்ச்சிகள் என நம்பி வாழ்ந்து, இறுதியில் தன் உள்ளத்தைத் தானே அறிகின்றாள். பியானோ வாசிக்கும்போது மட்டும் அவளிடம் வெளிப்படும் வேகத்தை ஆசிரியர் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றார். ஆகவே அவள் பின்னர் துணிவு கொள்ளும்போது கற்போர் வியப்படைகின்றனர், ஆனால் ஐயுறுவதில்லை. 1910இல் வெளிவந்த ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ நாவலில் ஹென்றி வில்காக்ஸ் என்னும் செல்வர், தம் மகன் சிறைப்பட்டபின் உறுதி குலைந்து மனைவியின் துணையை நாடுகின்றார். அவர் மாற்றம் உளப்பக்குவத்தால் விளைந்ததன்று; முறிவால் விளைந்தது. மாற்றமெல்லாம் உயர்வு ஆகாது என்பதை ஃபார்ஸ்டர் 31 வயதிலேயே அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

இந்தியத் தொடர்பு

1906இல் சையத் ராஸ் மசூத் என்னும் இந்திய இளைஞருக்கு இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பு ஃபார்ஸ்டருக்குக் கிட்டியது. அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கானின் பேரர் அவர். ஆசிரியர் மாணவர் உறவு விரைவில் ஆழ்ந்த நட்பாக வளர்ந்தது. அன்பை அடக்கிப் பேசும் ஆங்கில நடுத்தர வகுப்பில் வளர்ந்த ஃபார்ஸ்டருக்கு, உணர்ச்சியைத் தயங்காது வெளிப்படுத்தும் மசூதின் இயல்பு ஒரு புதிய பாடமாயிற்று.

மசூதைக் காணும் வேட்கையே அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. 1912 இறுதியில் வந்து 1913இல் திரும்பிய அவர் அலிகார், தில்லி, இலாகூர், காசி, பாங்கிப்பூர், ஐதராபாத்து முதலிய இடங்களைக் கண்டார். கயைக்கு அருகிலுள்ள பராபர் குகைகளையும் பார்த்தார். எதிரொலி மிகுந்த அக்குகைகளே பின்னர் நாவலில் மராபார் குகைகள் ஆயின. நாடு திரும்பியதும் இந்தியாவைக் களமாகக் கொண்ட நாவலைத் தொடங்கினார். சில இயல்களுக்குப்பின் அது நின்றுபோயிற்று.

முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1919 தொடக்கம் வரை, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் செஞ்சிலுவைச் சங்கப் பணியாற்றினார். காணாமற்போன வீரர்களைப் பற்றிக் காயமுற்ற வீரர்களிடம் கேட்டறிந்து எழுதுவது அவர் பணி. கிரேக்கக் கவிஞர் கவாஃபியை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்தியது இக்காலத்துத் தொடர்பின் பயனாகும்.

1921இல் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். மத்திய இந்தியாவிலிருந்த தேவாஸ் சமஸ்தானத்தின் மூத்த கிளையை ஆண்ட துக்கோஜி ராவ் மகாராஜாவின் தனிச் செயலாளராகச் சில திங்கள் பணிபுரிந்தார். அங்கு அவர் கண்ட கோகுலாஷ்டமி விழாவே அவர் நாவலின் மூன்றாம் பகுதிக்கு அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் அம்மன்னர் தம் நாட்டை விட்டு நீங்கிப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து 1937இல் அங்கேயே மறைந்தார். மசூது மறைந்ததும் அதே ஆண்டில்தான். தேவாஸ் நினைவுகளை ஃபார்ஸ்டர் ‘தி ஹில் ஆஃப் தேவி’ என்னும் நூலாக 1953இல் வெளியிட்டார்.

பதினோராண்டு காத்திருந்த நாவல்

1913இல் தொடங்கிய நாவல், லியோனார்ட் வுல்ஃப் முதலிய நண்பர்களின் ஊக்கத்தால் 1924இல் ‘எ பேசேஜ் டு இந்தியா’ என்னும் பெயரில் நிறைவுற்று வெளிவந்தது. நூல் மசூதுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே பரிவுப் பாலம் அமைக்கும் எண்ணத்தோடு அவர் எழுதத் தொடங்கினார். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகப் போர் நடந்தது. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை எழுப்பியது. இவற்றின் பின்னர் எளிய பாலம் எதனையும் அவரால் கட்ட இயலவில்லை. எழுதுபவரும் மாறினார், அவரோடு நாவலின் முடிவும் கசப்புற்றது. டாக்டர் அஸீஸ் என்னும் பாத்திரத்தின் மாற்றத்துக்குப் பின்னே இந்தப் பதினோராண்டு வரலாறு நிற்கின்றது.

1927ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகள்

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் நிகழும் கிளார்க் சொற்பொழிவுகளை நிகழ்த்துமாறு ஃபார்ஸ்டர் அழைக்கப்பட்டார். 1927இல் அவர் ஆற்றிய அவ்வுரைகள் அதே ஆண்டில் ‘ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்’ என்னும் நூலாக வந்தன. நாவலாசிரியர்களைக் கால வரிசையில் நிறுத்தாமல், எல்லாக் காலத்தவரும் ஒரே வட்டக் கூடத்தில் அமர்ந்து ஒரே வேளையில் எழுதிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்து அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். கதை, மாந்தர், கதைப்பின்னல், கற்பனைப் புனைவு, தீர்க்கதரிசனம், அமைப்பும் லயமும் என்னும் கூறுகள் அதில் ஆராயப்பட்டன. மாந்தருக்கு மட்டும் இரண்டு உரைகளை அவர் ஒதுக்கினார் என்பது கருதத்தக்கது.

வாழ்க்கையில் ஒருவர் மற்றொருவரை முழுதாக அறிதல் இயலாது; நாவலிலோ ஆசிரியர் விரும்பினால் மாந்தரின் அகத்தை முழுமையாகத் திறந்து காட்டலாம். இவ்வேறுபாட்டை விளக்கியபின் அவர் பாத்திரங்களை இருவகையாகப் பகுத்தார். ஒரே கருத்தை அல்லது ஒரே பண்பைச் சுற்றி அமைவது தட்டைப் பாத்திரம். டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் திருமதி மைக்காபர் இதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு. கணவரை விட்டு நீங்க மாட்டேன் என்னும் ஒற்றை உறுதியே அவ்வம்மையாரின் முழு உருவமாகும். தட்டைப் பாத்திரம் தாழ்ந்தது என்று ஃபார்ஸ்டர் ஒதுக்கவில்லை. அது எளிதில் அடையாளம் காணப்படும். நெடுநாள் நினைவில் நிற்கும். நகைச்சுவைக்கு மிகப் பொருந்தும். டிக்கன்ஸின் மாந்தருள் பெரும்பாலோர் தட்டையாக இருந்தும் மானுட ஆழம் புலப்படுவதை அவர் வியந்து ஒப்புக்கொண்டார்.

முழுமைப் பாத்திரத்துக்கு அவர் வகுத்த தேர்வு இரு பகுதிகளை உடையது. அப்பாத்திரம் கற்போரை வியப்பில் ஆழ்த்த வேண்டும். அவ்வியப்பு நம்பத் தகுந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒருபோதும் வியப்பளிக்காதது தட்டை. வியப்பளித்தும் நம்பகமற்றதாயின் அது முழுமையைப் போல நடிக்கும் தட்டை. ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் வரும் பெர்ட்ரம் சீமாட்டியை அவர் சான்றாகக் காட்டினார். சாய்விருக்கையும் நாய்க்குட்டியுமாக நாளைக் கழிக்கும் அச்சோம்பல் சீமாட்டி, மகளிர் இருவரும் நெறி தவறிய செய்தி கேட்டதும் ஒரு கணம் நேரிய சிந்தனை உடையவராக உயர்ந்து, பின் பழைய நிலைக்கே மீள்கின்றார். அந்த ஒரு கண உயர்வே அவரை முழுமையாக்க வல்லது என்பது ஃபார்ஸ்டர் கண்ட நுட்பம்.

இவ்விடத்தில் ஒரு திரிபு களையப்பட வேண்டும். முழுமைப் பாத்திரமும் மாறும் பாத்திரமும் ஒன்றே எனவும், தட்டைப் பாத்திரமும் மாறாப் பாத்திரமும் ஒன்றே எனவும் பாடக் குறிப்புகள் பல கூறிச் செல்கின்றன. ஃபார்ஸ்டர் அவ்வாறு கூறவில்லை. பெர்ட்ரம் சீமாட்டி நிலையாக மாறிவிடவில்லை; எனினும் அவரிடம் முழுமை உண்டு. மறுபுறம், கடைசி இயலில் காரணமின்றித் திருந்திவிடும் கொடியவன் மாறிய பாத்திரந்தான். ஆயினும் அவன் தட்டையே ஆவான். முழுமை என்பது பாத்திரத்தின் ஆழத்தைக் குறிப்பது. மாற்றம் என்பது அதன் பயணத்தைக் குறிப்பது. பயணம் ஆழத்திலிருந்து பிறக்கும்போதே அது நம்பகம் பெறுகின்றது. மாறும் பாத்திரத்தைப் பற்றிய கட்டுரைக்கு ஃபார்ஸ்டரின் தேர்வு இந்த வகையிலேயே பயன்படும்.

அஸீஸ் பற்றிய முன்னுரை

அவர்தம் தேர்வை அவர் படைத்த அஸீஸிடமே பொருத்திப் பார்ப்பது தகும். சந்திரபூர் என்னும் ஊரில் மருத்துவராகப் பணிபுரியும் அஸீஸ் மனைவியை இழந்தவர். மூன்று குழந்தைகளுக்குத் தந்தை. விருந்தோம்பும் இயல்பும், எளிதில் அன்பு கொள்ளும் உள்ளமும் வாய்ந்தவர். குகைகளைக் காட்ட அழைத்துச் சென்ற அடெலா என்னும் ஆங்கிலப் பெண், அவர் தன்னிடம் தகாது நடந்ததாகக் குற்றம் சாட்டுகின்றாள். நீதிமன்றத்தில் அவளே அதனைத் திரும்பப் பெற, அவர் விடுதலையாகின்றார். ஆனால் பழைய அஸீஸ் திரும்பவில்லை. மாவ் என்னும் இந்து சமஸ்தானத்தில் குடியேறி, ஆங்கிலேயர் தொடர்பை வெறுத்து, அவர்கள் இந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்னும் முடிவுக்கு வருகின்றார்.

இதனை மட்டும் எழுதினால் முன்னுரை கதைச் சுருக்கமாக நின்றுவிடும். வித்து எங்கே உள்ளது என்று தேடுதல் வேண்டும். நாவலின் தொடக்கத்தில் ஆங்கில மேலதிகாரி அவரை விருந்தின் நடுவே அழைத்துவிட்டு வீட்டில் இல்லாமற்போகின்றார்; அவர் அமர்த்தி வந்த குதிரைவண்டியை இரு ஆங்கிலப் பெண்டிர் அவரைக் கேளாமலே எடுத்துச் செல்கின்றனர். அந்த அவமானத்தோடு மசூதியில் அமர்ந்திருக்கும் அவர், அங்கு வந்த முதிய மூர் அம்மையார் செருப்போடு நுழைந்துவிட்டதாக எண்ணிச் சினந்து பேசுகின்றார். அம்மையார் முன்னரே அதனைக் கழற்றிவிட்டார் என்று அறிந்ததும் அச்சினம் நொடியில் நட்பாகின்றது. ஐயமும் அன்பும் ஒரே விரைவோடு தோன்றும் உள்ளம் அவருடையது. அந்த விரைவே பின்னர், ஃபீல்டிங் என்னும் உற்ற நண்பர் அடெலாவை மணந்துகொண்டார் எனத் தவறாக நம்பி நட்பை முறித்துக்கொள்ளச் செய்கின்றது. மூர் அம்மையாரின் மகன் ரால்ஃபைக் கண்டதும் மீண்டும் கனியச் செய்வதும் அதுவே.

ஆகவே அஸீஸ் பற்றிய நல்ல முன்னுரையில் நான்கு செய்திகள் செறிவாக அமைந்தால் போதுமானது. அவருடைய தொடக்க நிலை ஒன்று. அந்நிலையைத் தாக்கிய புறநெருக்கடி ஒன்று. தொடக்கத்திலேயே மறைந்திருந்த வித்து ஒன்று. மாற்றம் எத்திசையில் சென்று எங்கே நின்றது என்பது ஒன்று. இவற்றை இணைத்துக் கட்டுரையின் மையக் கருத்தை ஒரு தொடரில் கூறிவிடலாம். எளிதில் அன்பு கொள்ளும் உள்ளமே எளிதில் புண்படும் உள்ளமாக இருத்தலின், அடிமை நாட்டின் நீதியற்ற சூழல் அஸீஸின் நட்புணர்வைக் கசப்பாகத் திருப்பியது. ஆனால் அதன் ஊற்றை அடைக்கவில்லை என்பதே அத்தொடரின் சாரமாக அமையும். இவ்வாறு தொடங்கிய கட்டுரை அடுத்து என்ன கூற வேண்டும் என்பதில் எழுதுவோர்க்கு ஐயம் எழாது. நூலாசிரியரின் பிறப்பும் பிற நூல்களின் பட்டியலும் அங்குத் தேவைப்படா. பாத்திரம் நல்லதா தீயதா என்னும் தீர்ப்பும் முன்னுரைக்கு வேண்டுவதன்று.

எழுதா நாவல்களின் காலம்

1924இல் புகழின் உச்சியில் நின்ற ஃபார்ஸ்டர், அதன்பின் 46 ஆண்டுகள் வாழ்ந்தும் தம் வாழ்நாளில் வேறு நாவல் எதனையும் வெளியிடவில்லை. தன்பால் ஈர்ப்புடைய அவர், ஆண் பெண் காதலையும் திருமணத்தையும் பற்றியே தொடர்ந்து எழுத மனம் ஒப்பவில்லை. தம் உள்ளம் அறிந்த அன்பை எழுதவோ நாட்டுச் சட்டமும் சமூகமும் இடந்தரவில்லை. ‘மாரிஸ்’ என்னும் நாவலை 1913, 1914ஆம் ஆண்டுகளில் எழுதியும் அதனை வெளியிடாது நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் காட்டி வைத்திருந்தார். இங்கிலாந்தில் அச்சட்டம் தளர்த்தப்பட்டது 1967இல். நாவல் வெளிவந்தது அவர் மறைந்தபின், 1971இல். மாந்தர் தம்மைத் தாமே அறிந்து துணிவதைப் பிறர் கதையாக எழுதிய ஒருவர், தம் கதையை அரை நூற்றாண்டுக்கு மேல் பேழையில் பூட்டி வைக்க நேர்ந்தது. அந்த மௌனத்தால் ஆங்கில இலக்கியம் இழந்த நாவல்கள் எத்தனையோ!

எனினும் நாவலாசிரியர் மௌனமானாரேயன்றி மனிதர் மௌனமாகவில்லை. ராட்கிளிஃப் ஹாலின் ‘தி வெல் ஆஃப் லோன்லினஸ்’ நாவல் 1928இல் தடைக்குள்ளானபோது வர்ஜீனியா வுல்ஃபுடன் இணைந்து எதிர்ப்புத் தெரிவித்தார். 1934இல் அமைந்த குடியுரிமைப் பாதுகாப்புக்கான தேசிய மன்றத்தின் முதல் தலைவரானார். முல்க்ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவலுக்கு அவர் எழுதிய முன்னுரை 1935இல் அந்நூலோடு வெளிவந்தது. தீண்டாமைக் கொடுமையைச் சித்திரிக்கும் அந்நாவல் ஆங்கில வாசகரைச் சென்றடைய அது உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. வானொலி வழியாக இந்திய நேயர்களுக்கு நூல்களைப் பற்றி உரையாற்றினார். 1945இல் ஜெய்ப்பூரில் நடந்த எழுத்தாளர் மாநாட்டுக்காக மூன்றாம் முறை இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டில் அவர்தம் தாயார் மறைந்தார். 66 வயது வரை தாயோடு வாழ்ந்த மகன் அவர்.

1946 முதல் கிங்ஸ் கல்லூரி அவருக்கு இருப்பிடம் தந்தது. பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த ‘பில்லி பட்’ இசைநாடகத்துக்கு எரிக் குரோசியருடன் சேர்ந்து உரையாடல் எழுதினார். அது 1951இல் அரங்கேறியது. சென்னையில் பிறந்த எழுத்தாளர் சாந்தா ராமராவ் அவர்தம் இந்திய நாவலை நாடகமாக்க, அது 1960இல் மேடையேறியது. அதே ஆண்டில் டி. எச். லாரன்ஸின் நாவல் மீதான வழக்கில், 81 வயது முதியவராக நீதிமன்றம் சென்று நூலுக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். தமக்கு அளிக்க முன்வந்த ‘சர்’ பட்டத்தை மறுத்த அவர், 1969இல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்னும் உயரிய விருதை ஏற்றுக்கொண்டார். 1970ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், கவென்ட்ரி நகரில் நண்பர் இல்லத்தில் தம் 91ஆம் அகவையில் மறைந்தார்.

நிறைவாக

ஃபார்ஸ்டர் வகுத்த தேர்வை அவர் வாழ்க்கைக்கே பொருத்தினால், அது இரு பகுதிகளிலும் வெற்றி பெறுகின்றது. தாயின் நிழலில் வளர்ந்த கூச்சமிக்க சிறுவன், அரசின் தடையையும் பேரரசின் செருக்கையும் எதிர்த்து நின்றமை வியப்புக்குரியது. டன்பிரிட்ஜில் இழிவைச் சந்தித்த சிறுவனுக்குள், கேம்பிரிட்ஜில் நட்பின் பெருமையை உணர்ந்த மாணவனுக்குள், மசூதிடம் அன்பின் மொழியைக் கற்ற ஆசிரியனுக்குள் அந்தத் துணிவின் வித்து முன்னரே விழுந்திருந்தது என்று காணும்போது அவ்வியப்பு நம்பகம் பெறுகின்றது.

பாத்திரத்தைப் பற்றி எழுதுவோர் மாற்றத்தைப் பாராட்டவோ பழிக்கவோ விரைதல் கூடாது. மாற்றத்துக்குமுன் அம்மனிதருக்குள் என்ன இருந்தது என்று பொறுமையோடு தேடுதல் வேண்டும். அத்தேடலில் கிடைத்ததை எழுதும் முதல் பத்தியே முன்னுரை எனத் தகும். நாவல் மாந்தரை அவ்வாறு படித்துப் பழகியவர்கள், உடன் வாழும் மாந்தரையும் இரு முனைகளால் மட்டும் அளந்து தீர்ப்பளிக்கத் தயங்குவர். அத்தயக்கம் இலக்கியக் கல்வி தரும் பயன்களுள் தலையாயது.